ஆண்டுக்கு ஒருமுறை கூடிய ஊர்

மலையக வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வந்த கதையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் தோணி ஏறியது, மன்னார்க் கரையில் இறங்கியது, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தது, நடந்த வழியிலேயே பலர் மாண்டது என்று அந்தக் கதை விரியும். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஹற்றனிலிருந்து போய் நானும் அதில் ஒரு நாள் நடந்தேன். வெயிலில் நடந்துகொண்டிருக்கையில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வந்த வழியை நினைக்க ஒரு நடை இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட வழியை நினைக்க என்ன இருக்கிறது?

போன கதையும் நம் கண்முன் நடந்ததுதான். ஹற்றன் ரயில் நிலையத்தில் தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிகளை எங்கள் பக்கத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொல்வார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். அண்ணன் போனான், தங்கச்சி நின்றாள். தாய் நின்றாள், மகன் போனான். அப்படிப் பிரிந்தவர்கள் மீண்டும் முகம் பார்த்தார்களா? பார்த்தார்கள் என்றால் எங்கே? இதற்கு எனக்கு நேரில் தெரிந்த ஒரு விடை உண்டு. அது மலையில் இல்லை, மலையிலிருந்து வெகு தொலைவில், பாக்குநீரிணையில், குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத கச்சதீவில் இருக்கிறது.

எனது வாப்பா ஹற்றன் கடைத்தெருவில் சிறு புடைவைக் கடை வைத்திருந்தார். பிறந்தது தொண்டியில். பன்னிரண்டு வயதில் மாமா ஒருவரோடு வந்து, கடைச் சிப்பந்தியாக நின்று, பிறகு சொந்தக் கடை போட்டவர். சம்பள நாளில் தோட்டத்து மக்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கும். தீபாவளிக்கு எடுத்த சேலைக்கு மாதாமாதம் கொடுத்துக் கழிப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வாப்பா கடிதமும் எழுதிக்கொடுப்பார். 1964க்குப் பிறகு கடிதம் எழுதும் வேலை கடை வேலையைவிடப் பெரிதாகிவிட்டது என்று அவர் சொல்வதுண்டு.

அந்த வருடம் அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 பேரைப் பற்றியது அது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஏழுக்கு நாலு என்பது கணக்கு. அந்தக் கணக்குக்குள் யார் அடங்குகிறார்களோ அவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஸ். தொண்டமானும் அப்துல் அஸீஸும் தலைமைதாங்கிய தொழிற்சங்கங்கள் அன்று மலையகமெங்கும் இருந்தன. ஆனாலும் கையெழுத்திட்ட மேசையில் இடம் பெற்றவை இரண்டு அரசாங்கங்கள் மட்டுமே. எங்கள் பேரேட்டில்கூட ஒருவரின் கடனை இன்னொருவர் பெயரில் எழுதுவதற்கு அவரைக் கேட்டுத்தான் எழுதுவார் வாப்பா.

அந்த 1,50,000 பேரின் கணக்கு பத்து வருடம் கழித்து, 1974இல் தீர்க்கப்பட்டது. இம்முறை ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும். ஆளுக்கு 75,000. சரிபாதி. அதே ஆண்டில், அதே இரண்டு பிரதமர்கள் இன்னொன்றையும் தீர்த்துக்கொண்டார்கள். ஜூன் 26ஆம் திகதி கொழும்பிலும் 28ஆம் திகதி புதுடில்லியிலும் கையொப்பமான உடன்படிக்கையின்படி பாக்குநீரிணையில் எல்லைக்கோடு வரையப்பட்டு, கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. மலையகத்தைப் பற்றி எழுதுபவர்கள் முதல் ஒப்பந்தத்தை எழுதுகிறார்கள். கடலைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டாவதை எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

கச்சதீவு பெரிய நிலமல்ல. பரப்பு 285 ஏக்கர். நெடுந்தீவுக்குத் தென்மேற்கிலும் இராமேசுவரத்துக்கு வடகிழக்கிலும் கிடக்கும் மணல் திட்டு. முட்புதர், மணல், சுற்றிலும் உப்புநீர். நிரந்தரக் குடிகள் இல்லை. மீனவர்கள் வலை காயவைக்கவும் களைப்பாறவும் இறங்குவார்கள். இராமநாதபுரம் சேதுபதிகள் அதைத் தங்கள் ஜமீனுக்குள் வைத்துக் குத்தகைக்கு விட்டு வந்தார்கள். 1880ஆம் ஆண்டுக் குத்தகை ஒன்றைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. முகம்மது அப்துல் காதர் மரைக்காயர், முத்துச்சாமிப் பிள்ளை என்ற இருவர், கரையோரத்து எழுபது கிராமங்களிலும் பதினொரு தீவுகளிலும் சாயவேர் சேகரிக்கும் உரிமையைக் கூட்டாக எடுத்தார்கள். அந்தப் பதினொன்றில் கச்சதீவும் ஒன்று. துணிக்குச் சிவப்பேற்றும் வேர் அது. 1947இலும் அத்தீவைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஒரு மரைக்காயரும் ஒரு பிள்ளையும்தான். யாருக்குச் சொந்தம் என்று அரசாங்கங்கள் 1921இலேயே கொழும்பில் கூடி வாதிட ஆரம்பித்துவிட்டன. கரையில் வாழ்ந்தவர்களுக்கோ அது கூட்டு வியாபாரம் செய்யும் இடமாகவே இருந்தது.

அங்கே இருந்த ஒரே கட்டடம் புனித அந்தோனியார் கோவில். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்ற மீனவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நம்புதாளை எங்கள் வாப்பாவின் தொண்டிக்கு அடுத்த கிராமம். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், கத்தோலிக்கரின் தவக்காலத்தில், அக்கோவிலில் திருவிழா நடக்கும். முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவு சொரூபப் பவனி. மறுநாள் காலை திருப்பலி முடிந்ததும் எல்லோரும் தோணி ஏறிவிடுவார்கள். வருடத்தின் மற்ற நாட்களெல்லாம் ஆளற்றுக் கிடக்கும் அந்த மணல், அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஊராகிவிடும். இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பாதி ஊர் வரும். நெடுந்தீவு, யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலிருந்து மறுபாதி வரும். அங்கே பெண் பார்த்துச் சம்பந்தம் பேசியவர்களும் உண்டு. கும்பிட வந்தவர்களோடு, கும்பிடும் வழக்கமில்லாத நம்மவர்களும் வியாபாரத்துக்கும் ஆள் பார்க்கவும் போவார்கள்.

1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுவரை போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம், அதற்காக இலங்கை அவர்களிடம் பயணப் பத்திரமோ விசாவோ கேட்காது என்பது அதன் சாரம். எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ தெரியாது. மலையகத்தில் பிரிக்கப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வசனம் என்ன செய்தது என்பதை நான் நேரில் கண்டேன்.

தீவு இலங்கை மண். ஆகவே நாடற்றவர் ஒருவர் நாட்டை விட்டு வெளியேறாமலேயே அங்கு போகலாம். இந்தியக் கரையிலிருந்து வருபவருக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. அப்படியானால் இரண்டு கையிலும் தாளில்லாத இருவர் சட்டத்தை மீறாமல் ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய இடம் அது.

டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த ஒரு பெண் எங்கள் கடைக்கு வாடிக்கை. பிள்ளைகள் இன்றும் அதே லயத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய அண்ணன் 1972இல் குடும்பத்தோடு இந்தியா போனார். மண்டபம் முகாமில் இருந்துவிட்டுப் பாம்பனில் கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போனதாகக் கடிதம் வந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டியவரும் பதில் எழுதியவரும் வாப்பாதான். 1978ஆம் ஆண்டு முடிவில் வந்த கடிதத்தில் அந்த அண்ணன் கச்சதீவுத் திருவிழாவைப் பற்றி எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் அக்கா சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

“மொதலாளி, காசு சிட்டையில எழுதிக்கோங்க. அண்ணன் மொகத்த ஒருதரம் பாத்துட்டு வந்துர்றேன்.”

வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. அவருக்கும் தொண்டியில் ஒரு தங்கை இருந்தார். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின்கீழ் வாப்பா கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் கையிலும் நாடில்லை. கப்பலேறி ஊருக்குப் போனால் கடைக்குத் திரும்பிவர வழியில்லை. கடைத்தெருவில் சண்டை வந்தால் எங்களைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையும் தோட்டத்து ஆட்களைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையும் ஒன்றுதான்: கள்ளத்தோணி.

அன்றிரவு வாப்பா தானும் போகப்போவதாகச் சொன்னபோது உம்மா திகைத்துப்போனார்.

“கோவில் பெருநாளுக்கா போறீங்க? ஊர் என்ன பேசும்?”

“பெருநாளுக்கு இல்ல. ஆள் பாக்கப் போறேன்” என்றார் வாப்பா. அதோடு பேச்சு முடிந்தது. பதினொரு வயதான என்னையும் கூட்டிக்கொண்டார்.

1979 மார்ச் மாதம் ஹற்றனில் இரவு ரயில் ஏறிப் பொல்காவலையில் இறங்கி, விடியும்வரை காத்திருந்து யாழ்ப்பாண ரயிலைப் பிடித்தோம். அக்கா அதற்கு முன் நாவலப்பிட்டிக்குக் கீழே இறங்கியதில்லை. குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து நெடுந்தீவு, நெடுந்தீவிலிருந்து மீன்பிடி வள்ளம். மலையில் பிறந்த எனக்கு அந்தக் கடல் பயத்தைத் தந்தது. அக்கா மடியில் தேயிலைத்தூள் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வந்தார். தூள் நனைந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கவலையாக இருந்தது.

கரையில் பாய்த்துணியாலும் ஓலையாலும் கூடாரம் போட்டிருந்தார்கள். குடிதண்ணீர் அவரவர் கொண்டுவந்ததுதான். எங்கள் பக்கத்துச் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் அந்தப் பக்கத்துச் சேலைக்கும் சாரத்துக்கும் கைமாறிக்கொண்டிருந்தன. வாப்பா வழக்கம்போலத் துணியின் நூலை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

அக்காவுக்கு அண்ணன் எந்தத் தோணியில் வருவார் என்று தெரியாது. இந்தியப் பக்கத்திலிருந்து தோணி வந்து தட்டும்போதெல்லாம் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கூவினார். அண்ணன் பெயரைச் சொல்லியல்ல. தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கூவினார். “அந்தத் தோட்டத்து ஆளு யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே நின்றார். மூன்றாவது தோணியில் ஒரு கிழவர் கையை உயர்த்தினார். அவர் அண்ணனல்ல. பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1970இல் போனவர். அவருக்கு இந்தப் பக்கத்தில் பார்க்க யாருமில்லை. மலையிலிருந்து எவராவது வருவார்களா என்று பார்க்கத்தான் வருகிறாராம். நாங்கள் மூவரும் வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. எந்த ஃபாக்டரி இன்னும் ஓடுகிறது, எந்தத் துரை போய்விட்டார், எந்த மலையில் புதுக்கன்று வைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அண்ணன் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, “அம்மாவப் பொதச்ச எடத்துல அந்தச் சவுக்கு நிக்குதா?” என்பது.

“நிக்குது. நான் பாத்துக்கிறேன்” என்றார் அக்கா.

அதற்குப் பிறகுதான் அழுதார்கள்.

வாப்பா அந்த இரவு முழுவதும் நம்புதாளைத் தோணியைத் தேடி அலைந்தார். கிடைத்தது. அதில் வந்த மீனவரிடம் தொண்டியில் தங்கைக்குக் கொடுக்கும்படி ஒரு கடிதமும் கடைச் சேலை ஒன்றும் கொடுத்தார். சுபஹுத் தொழுகையை மணலில் தொழுதார். கூட நின்று தொழுதவர்கள் நாலைந்து பேர். அவர்களும் வியாபாரிகளாக இருக்க வேண்டும். கோவிலில் திருப்பலி ஆரம்பமாகும் நேரம் எங்கள் வள்ளம் புறப்பட்டது.

அக்கா அடுத்த மூன்று வருடமும் போய்வந்தார். 1981இல் மாமியும் நம்புதாளைத் தோணியில் வந்தார். அண்ணனும் தங்கையுமாக வாப்பாவும் மாமியும் முப்பத்து நாலு வருடத்துக்குப் பின் அந்த மணலில் பார்த்துக்கொண்டார்கள். அதுவே கடைசி. 1983இல் நாட்டில் போர் மூண்டது. திருவிழா நின்றுபோயிற்று. கடற்படையின் கண்காணிப்புக்குள் தீவு போயிற்று. தலைமன்னார்க் கப்பலும் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது மாமி மவுத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடவுச்சீட்டு எடுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். “இனி யாரப் பாக்க?” என்று கேட்டார்.

பின்னர் நடந்தவை வாசகர்கள் அறிந்தவையே. 2002இன் போர்நிறுத்தம் பழைய வழியைச் சற்றுத் திறந்தது. போர் 2009இல் முடிந்தபின் 2010 முதல் இரண்டு கரையும் மீண்டும் கூட ஆரம்பித்தன. 2016 டிசம்பரில் அங்கே புதிய கோவில் திறக்கப்பட்டது. ஆனால் பழைய கூட்டமும் புதிய கூட்டமும் ஒன்றல்ல. இப்போது வருபவர் தொகை முன்கூட்டியே முடிவாகிறது, பெயர்ப்பட்டியல் தயாராகிறது, கொண்டுவரும் சாமான் சோதிக்கப்படுகிறது. 2024இல், சிறைப்பட்ட மீனவர்களுக்காக இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். 2025 மார்ச்சில் மீண்டும் இரு பக்கத்தினரும் வந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தீவுக்குப் போய்வந்தார். தமிழகத்தில் தேர்தல் காலந்தோறும் தீவின் பெயர் ஒலிக்கிறது. இழுவைப் படகுகளால் வலையையும் மீனையும் இழந்த வடபகுதி மீனவரின் துயரமும் உண்மையானது, கைதாகிப் படகை இழக்கும் இராமேசுவரத்து மீனவரின் துயரமும் உண்மையானது. அவற்றைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை.

என் ஆதங்கம் வேறு. கச்சதீவைப் பற்றிய புத்தகங்களில் எல்லைக்கோடு இருக்கிறது, மீன் இருக்கிறது, சேதுபதியின் பட்டயம் இருக்கிறது. மலையகத்தைப் பற்றிய புத்தகங்களில் 5,25,000 இருக்கிறது, 3,00,000 இருக்கிறது, ஏழுக்கு நாலு இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கூவிய பெண் இரண்டிலும் இல்லை. எவரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தும் வருடாவருடம் தோணி ஏறிய அந்தக் கிழவரும் இல்லை. அவர்களைப் போல எத்தனை பேர் அந்த மணலுக்கு வந்தார்கள் என்று எண்ணிச் சொல்ல என்னால் முடியாது. நான் கண்டது ஒரு சிலரைத்தான். ஆனால் அந்தச் சிலரையாவது எழுதிவைப்பது நம் கடமை.

அதற்கு ஆவணம் வேண்டுமென்றால் சுவடிக்கூடத்துக்குப் போகவேண்டியதில்லை. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் நம்மவர் கடைகளின் பரணில் கிடக்கும் பழைய பேரேடுகளைக் கீழே இறக்கினால் போதும். யார் எந்த மாதம் கணக்கை முடித்துக்கொண்டு இந்தியா போனார், யாருடைய கடனை யார் ஏற்றார், போகிறபோது பிள்ளைக்கு எத்தனை முழம் துணி எடுத்தார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. அந்த ஏடுகளைக் கறையான் தின்பதற்கு முன் இளைய எழுத்தாளர்கள் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் பாதியை ஏற்கெனவே கறையான் தின்றுவிட்டது.

மிஞ்சிய பாதியில் அக்காவின் பக்கம் இருக்கிறது. 1979 மார்ச் மாதத்தில் வாப்பாவின் கையெழுத்தில் ‘கச்சதீவு வழிச்செலவு’ என்று பற்றெழுதி, எதிரே தொகை போட்டிருக்கிறது. அக்கா அதை மாதம் ஐந்து ரூபாவாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு வருடம் அப்படியே போகிறது. பிறகு 1981 மார்ச்சில், வாப்பா தன் தங்கையைக் கண்டு திரும்பிய வாரத்தில், மீதிக் கணக்கின் குறுக்கே ஒரு கோடு இழுத்து ‘தீர்ந்தது’ என்று எழுதியிருக்கிறார். அந்த மாதம் அக்காவிடமிருந்து வரவு எதுவும் எழுதப்படவில்லை.